பீமன் வண்டியும் சபா கேன்டீனும்

புத்தலப்பட்டில் நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பீலேரு, கடப்பை வழியாகக் கர்னூலுக்குப் போகிறது. மற்றொன்று திருப்பதியைப் பார்த்துத் திரும்புகிறது. சுற்றிலும் மாந்தோப்புகள். பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போகும் தோத்தாபுரி. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்று விற்பார்களே, அதே மாங்காய்தான். தோப்பு முடிந்தால் கடலைக்காடு, அதைத் தாண்டினால் கரும்பு, வெல்லம் காய்ச்சும் கொப்பரை. தெலுங்கில் தொடங்கிய பேச்சு தமிழில் முடிகிற ஊர்கள் இவை. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இந்தப் பகுதியின் பெரும்பங்கு வட ஆற்காட்டோடுதான் இருந்தது.

இந்த ஊர்களில் ஓபெரா மாளிகை கிடையாது. ஆனால் இரவு முழுக்கப் பாட்டாகவும் ஆட்டமாகவும் நடக்கும் நாடகம் உண்டு. அந்த நாடகத்துக்கு நடுவிலேயே ஒரு பெரிய சாப்பாடும் உண்டு.

கோடையில் சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்கும் தருமராஜருக்கும் பாரதத் திருவிழா எடுப்பார்கள். பல ஊர்களில் அது 18 நாள் நடக்கும். பகலில் ஹரிகதை, இரவில் கூத்து. அன்றைக்குக் கதை சொல்பவர் எந்தப் பருவத்தில் நிறுத்தினாரோ, அதையே இரவில் வேஷக்காரர்கள் ஆடிக் காட்டுவார்கள். விழா நடக்கும் திடலுக்குப் பாரத மிட்ட என்று பெயர். மிட்ட என்றால் தெலுங்கில் மேடு. அருச்சுனன் தவத்தன்று வேஷக்காரர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். துரியோதனன் வதத்தன்று மண்ணால் செய்த பிரம்மாண்டமான உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். அன்று மாலை தீமிதி.

இந்தப் பதினெட்டில் குழந்தைகள் விரல்விட்டு எண்ணிக் காத்திருக்கும் நாள் பகாசுரன் வதம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏகசக்கர நகரத்தில் வீட்டுக்கு ஒருவராக, வண்டி நிறையச் சோற்றோடு அரக்கனுக்கு இரையாகப் போக வேண்டும். ஒரு வீட்டின் முறை வந்தபோது பீமன் கிளம்புகிறான். போன இடத்தில் அரக்கன் முதுகில் குத்தக் குத்த, திரும்பியும் பாராமல் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறான். திருவிழாவில் பீம வேஷக்காரர் வண்டியேறி ஊர்வலம் வருவார். வாசலுக்கு வாசல் வண்டி நிற்கும். பொங்கலோ, வடையோ, வாழைப்பழமோ, அந்த வீட்டில் இருப்பது வண்டிக்கு வரும். ஊருக்கு ஊர் முறை கொஞ்சம் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. பார்க்க வந்த ஊரே நாடகத்துக்குச் சமைக்கிறது. ஊரின் சமையலே நாடகத்தின் முக்கியமான சாமானாகிறது. பீமன் ஒரு வீட்டு வடையைக் கையில் எடுத்தால் அந்த வீட்டுப் பெண்கள் முகத்தில் வருகிற பெருமை, எந்த அரங்கின் கைதட்டலுக்கும் இணையானது.

பாட்டு கேட்கும் இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன வேலை என்ற கேள்வி உலகம் முழுக்க இருக்கிறது. மிலான் நகரின் லா ஸ்காலா ஓபெரா அரங்கு 1778-இல் திறந்தபோது, மாடத்தை வாங்கிய பிரபுக் குடும்பங்கள் அங்கேயே விருந்துண்டு, சீட்டாடி, பிடித்த பாட்டு வரும்போது மட்டும் மேடையைப் பார்த்தன. பாரிஸின் ஓபெரா மாளிகையான பாலே கார்னியே 1875-இல் திறந்தது. கட்டடக் கலைஞர் ஷார்ல் கார்னியே அதில் ஓர் உணவகத்துக்கும் இடம் ஒதுக்கியிருந்தார். அந்த எண்ணம் நிறைவேற 2011 வரை ஆனது. பழைய சுவரிலும் தூணிலும் ஆணி ஒன்றுகூட அறையக் கூடாது என்பதால், ஒடீல் டெக் என்ற கட்டடக் கலைஞர் வளைந்த கண்ணாடித் திரை ஒன்றைத் தூண்களுக்கு நடுவே நிறுத்தி உணவகத்தை அமைத்தார். 1973-இல் திறந்த சிட்னி ஓபெரா ஹவுஸின் சிப்பி போன்ற கூரைகளில் சிறிய தொகுதிக்குள் பென்னலாங் என்ற உணவகம் இருக்கிறது. 2015-இல் பீட்டர் கில்மோர் அதன் சமையலை ஏற்றார். மேடையில் பாடுபவர் பெயரைக் கேட்டு வருகிறவர்களைப் போலவே, அடுப்படியில் நிற்பவர் பெயரைக் கேட்டும் அங்கே வருகிறார்கள்.

இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் மாளிகையில் 1934 முதல் நடக்கும் ஓபெரா விழா வேறொரு வழியைக் கண்டது. நிகழ்ச்சியின் நடுவே ஒன்றரை மணி நேர இடைவேளை. மாலை உடையில் வந்தவர்கள் புல்வெளியில் விரிப்பைப் போட்டு, கூடையைத் திறந்து சாப்பிட்டுவிட்டு இரண்டாம் பகுதிக்குத் திரும்புவார்கள். ஆனால் இந்த இடங்கள் எல்லாவற்றிலும் சாப்பாடு பாட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. அதைப் பாட்டோடு சேர்த்தே வைத்துக்கொண்ட ஊர்களுக்குப் புத்தலப்பட்டிலிருந்து கிளம்பும் பயணிக்கு மார்கழிதான் சரியான மாதம்.

முதல் நிறுத்தம் திருமலை. ஆண்டு முழுக்கச் சுப்ரபாதம் கேட்டு விழிக்கும் சந்நிதியில் மார்கழி முழுவதும் அதற்குப் பதிலாகத் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு நாட்டு மலையில், விடியுமுன் இருட்டில், ஆண்டாளின் தமிழ். அந்த முப்பது பாட்டிலும் ஒரு சாப்பாட்டுக் கதை ஒளிந்திருக்கிறது. நெய்யும் பாலும் வேண்டாமென்று நோன்பைத் தொடங்கும் பெண்கள், 27-ஆம் பாசுரத்தில் நெய் முழங்கை வரை வழிய வழியப் பால்சோறு உண்கிறார்கள். பாடியதற்குக் கிடைத்த பரிசு அது. வைணவ வீடுகளில் அந்த நாளுக்குக் கூடாரவல்லி என்று பெயர். அன்று அக்காரவடிசில் வைக்காத வீடு குறைவு.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கட்டடம். 1985-இல் என்.டி.ராமராவ் முதல்வராக இருந்தபோது தொடங்கிய நித்திய அன்னதானத்துக்கு 2011-இல் கிடைத்த புதிய இடம். நான்கு கூடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே பந்தியில் 1,000 பேர் உட்காரலாம். சர்க்கரைப் பொங்கல், சோறு, சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாக வரும். 2025-இல் வடையும் சேர்ந்தது. கட்டணம் இல்லை. கோடீஸ்வரருக்கும் கூலிக்காரருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை.

பந்தியில் உட்காருகிறவர்களில் பலர் வாசலில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட்டுக் கடந்துபோய்விடுகிறார்கள். வெங்கமாம்பா (1730–1817) பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்ட கிராமத்துப் பெண். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். கைம்பெண்ணுக்கு ஊர் விதித்த கட்டுப்பாடுகளை ஏற்க மறுத்துத் திருமலைக்கு வந்து பாடி வாழ்ந்தார். சிவ நாடகம், ஜலக்ரீடா விலாசம் என்று யட்சகானங்கள் எழுதினார். யட்சகானம் என்றால் பாட்டும் வசனமும் ஆட்டமும் கலந்த தெலுங்கு இசை நாடகம். தெருக்கூத்தின் நெருங்கிய உறவு. இன்றும் இரவு ஏகாந்த சேவையில் அவர் பெயரால் ஓர் ஆரத்தி எடுக்கிறார்கள். இசை நாடகம் எழுதிய ஒரு பெண்ணின் பெயரில் இப்படி ஒரு சாப்பாட்டுக் கூடம் இருப்பதை ஆந்திரமும் தமிழகமும் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

திருப்பதியிலிருந்து சென்னைக்கு சப்தகிரி எக்ஸ்பிரஸ். ரேணிகுண்டா, புத்தூர் தாண்டித் திருத்தணி வந்ததும் நிலையப் பலகையில் தமிழ் முதலிடத்துக்கு வருகிறது. 1960 வரை திருத்தணியும் சித்தூர் மாவட்டம்தான். இந்தத் தடத்தில் சங்கீதமும் நாடகமும் நூறாண்டாகப் பயணம் செய்திருக்கின்றன. புங்கனூர்க்காரரான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாட்டுக் கற்று, 1954-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி ஆனார். குண்டூர்ப் பக்கத்தில் பிறந்த நாகையா, சித்தூர் ராமவிலாஸ சபாவின் மேடையில் பாடி நடித்துப் பெயரெடுத்து, ஊர்ப் பெயரையே முன்னால் சேர்த்துக்கொண்டு சித்தூர் வி. நாகையாவாகச் சினிமாவுக்குப் போனார். 1946-இல் வந்த ‘தியாகையா’ படத்தில் தியாகராஜரும் அவரே. சென்னைக்குப் போகும் சித்தூர்க்காரர்கள் பனகல் பூங்காவில் அவர் சிலையைப் பார்க்கலாம்.

அந்த மியூசிக் அகாடமி ஒரு கூட்டத்தின் நடுவே பிறந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது, பக்கத்திலேயே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தீர்மானத்தால் 1928-இல் அகாடமி உருவாயிற்று. டிசம்பர் கச்சேரிப் பருவம் அந்த வேரில் தழைத்தது. இப்போது டி.டி.கே. சாலை முனையில் நிற்கும் அரங்குக்கு நேரு 1955-இல் அடிக்கல் நாட்டினார், 1962-இல் திறந்தார்கள். திருவல்லிக்கேணியில் 1900-இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபா இன்னும் மூத்தது. கிருஷ்ண கான சபா, நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று டிசம்பர் நடுவிலிருந்து நகரமே அரங்காகிறது.

அரங்கின் வாசலுக்கு முன்பே வாசனை வந்துவிடும்.

கேன்டீன் பந்தலுக்குள் ஸ்டீல் மேசைகள், வரிசையாய் வாழை இலைகள், சிட்டையில் அன்றைய பட்டியல். காலையில் பொங்கலும் ரவா தோசையும். மதியம் முழுச் சாப்பாடு: பருப்பு, நெய், இரண்டு கறி, கூட்டு, சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, பாயசம். நான்கு மணிக்கு வாழைப்பூ வடை, கீரை வடை, அடை அவியல், தேங்காய்ச் சேவை, காசி அல்வா. எந்நேரமும் டிகாஷன் இறங்கிக்கொண்டே இருக்கும். “மாமி, இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார், மாமி சரி என்று சொல்வதற்குள் தொன்னையில் ரசம் இருக்கும்.

இங்கேயும் சமையல்காரர் பெயருக்காகவே வருகிறவர்கள் உண்டு. மவுண்ட்பேட்டனுக்குச் சமைத்ததால் மவுண்ட்பேட்டன் மணி ஐயர் என்று பெயர் வாங்கியவரின் பரம்பரை, அறுசுவை அரசு நடராஜன், மின்ட் பத்மநாபன், ஞானாம்பிகா, சாஸ்தாலயா. எந்தச் சபாவில் இந்த வருஷம் யார் சமைக்கிறார்கள் என்ற செய்தி, எந்தத் தேதியில் யார் பாடுகிறார்கள் என்ற செய்தியோடு சேர்ந்தே பரவுகிறது. டிசம்பர் பிறந்ததும் பத்திரிகைகளில் கச்சேரி விமரிசனத்தோடு கேன்டீன் விமரிசனமும் வரும். பென்னலாங்கில் ஒரு சமையல் கலைஞருக்குக் கிடைக்கும் மரியாதை, இங்கே கல்யாணச் சமையலிலிருந்து வந்த குழுக்களுக்குக் கிடைக்கிறது. ஐந்நூறு பேர் பந்தியில் ரசத்தின் உப்பை ஒரே நிலையில் நிறுத்தும் கைகள், நாலு மணி நேரம் சுருதியை நிறுத்தும் தொண்டைகளுக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல.

பயணி கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், கேன்டீனுக்கு டிக்கெட் வேண்டாம் என்பது. மாலைக் கச்சேரிக்கு முன்வரிசை இடம் கிடைக்காதவரும், பாட்டே கேட்காமல் அல்வாவுக்காக வந்தவரும், பக்கத்துத் தெரு அலுவலகத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவரும் அடுத்தடுத்து உட்காருகிறார்கள். சில சமயம் காலையில் மேடையில் வயலின் வாசித்தவரும் அதே பந்தியில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பார். லா ஸ்காலாவில் மாடம் வாங்கியவருக்கு மட்டும் திறந்த விருந்து, இங்கே வாசலுக்கு வந்த எவருக்கும் திறந்திருக்கிறது. இலைச் சாப்பாட்டின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. நடுத்தரக் குடும்பம் நான்கு பேராக உட்கார்ந்தால் பணப்பையைப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஒரு டம்ளர் காபியோடு அரை நாள் அங்கே நிற்கலாம். யாரும் எழுந்துபோகச் சொல்வதில்லை.

அந்தக் காபி நேரத்தில்தான் கச்சேரி இரண்டாம் முறை நடக்கிறது. தோடியில் எந்த இடத்தில் நின்றார், நிரவலை ஏன் அந்த வரியில் எடுத்தார், பல்லவியின் தாளக் கணக்கு எங்கே முடிந்தது என்று டம்ளரை வைத்துவிட்டுத் தொடையில் தட்டிக் காட்டுகிறார்கள். காலை எட்டு மணிக்கு அகாடமியில் வித்துவான்கள் விளக்கவுரை நிகழ்த்துகிறார்கள். அதைக் கேட்டு முடித்தவர்கள் பொங்கல் தட்டோடு நின்று அதையே விவாதிக்கிறார்கள். ராகம் தெரியாமல் வந்த ஒரு கல்லூரிப் பிள்ளை, பக்கத்து மேசைப் பெரியவரின் பேச்சை ஒட்டுக்கேட்டே கரகரப்பிரியாவைப் பிடித்துக்கொள்ளும் இடம் இது. கச்சேரியின் கடைசியில் பாடும் சின்ன உருப்படிகளுக்கும், தட்டில் வரும் மைதாத் தின்பண்டத்துக்கும் துக்கடா என்ற ஒரே பெயர் இருப்பதில் வியப்பில்லை. இரண்டும் ஒரே நாக்கில் புழங்கிய சொற்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பவர் மிருதங்கக்காரர். பிரதான உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்கிறது. மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மாறி மாறிப் பேசும் அந்தப் பதினைந்து நிமிடங்கள், ஒரு கலைஞரின் பத்து வருஷச் சாதகம். அந்த நேரத்தில் வடைக்கு எழுந்துபோவது சபா வாழ்வின் மிகப் பழைய புண். ஓபெரா அரங்குகளைப் போல இடைவேளை விட்டால் தீரும் என்பது ஒரு யோசனை. ஆனால் கர்நாடகக் கச்சேரி வர்ணத்தில் தொடங்கி மங்களம் வரை ஒரே மூச்சில் ஏறி இறங்குவது. நடுவில் வெட்டினால் பல்லவிக்குச் சேர்த்துவைத்த சூடு போய்விடும். எழுந்தவர் திரும்பி உட்கார வேண்டும். அடை அரை மணி நேரம் கழித்தும் கிடைக்கும். அந்தக் கோர்வை மறுபடி கிடைக்காது.

கூத்து மேடையில் இந்தச் சண்டை வருவதே இல்லை. பீமன் சாப்பிடும்போது யாரும் சாப்பாட்டுக்காக எழுந்து போவதில்லை, சாப்பாடே ஆட்டமாக இருக்கிறது. இரவு முழுக்க ஆடுகிற வேஷக்காரருக்கு ராகிக் களியும் குழம்பும் ஊர்க்காரர்கள் வீடுகளிலிருந்தே வரும். முகத்து அரிதாரம் கலையாமல், வாயை மட்டும் திறந்து உருண்டை உருண்டையாக விழுங்கிவிட்டு மறுபடி சபைக்கு வந்துவிடுவார்கள். திடலோரத்தில் ஒரு அம்மா அடுப்பு மூட்டி, கடலைச் சட்னியோடு இட்லி விற்றுக்கொண்டிருப்பார். இட்லித் தட்டைத் திறக்கும்போது வரும் ஆவியும் கூத்தின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். சென்னைச் சபாவில் ஒரு மாலை நிகழ்ச்சிக்குச் செலவாகும் பணத்தில் அந்தக் குழுக்கள் பல இரவுகள் ஆடுகின்றன. சபாக்களைக் கொண்டாடுகிற பத்திரிகைகளும் புரவலர்களும் பாரத மிட்டவுக்கும் ஒருமுறை வர வேண்டும். வந்தால் இலையும் கிடைக்கும், தூக்கம் போன இரவும் கிடைக்கும்.

ஜனவரி 1-ஆம் தேதி அகாடமியின் சதஸில் விருதுகள் வழங்கி இசைப் பருவத்தை முடிக்கிறார்கள். சில நாளில் நாட்டிய விழா. அதற்குப் பிறகு பந்தல்கள் இறங்குகின்றன. கேன்டீன் அடுப்புகளும் அண்டாக்களும் லாரியேறித் தை மாத முகூர்த்தங்களுக்குப் போகின்றன. மார்கழி ரயிலில் வந்தவர்கள் பையில் ஒரு பொட்டலம் காசி அல்வாவோடு சென்ட்ரலில் வண்டியேறித் திருத்தணியைக் கடக்கிறார்கள். அப்போது புத்தலப்பட்டுத் தோப்புகளில் மாம்பூ வாசனை தொடங்கியிருக்கும். உகாதி கழிந்ததும் விழாக் குழுவினர் நன்கொடைப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார்கள். பகாசுரன் நாளுக்கு யார் வண்டி கொடுப்பது, எந்தத் தெரு முதலில் என்று பேசி முடிவாகும். ஒவ்வொரு வீட்டிலும் கடலைப்பருப்பை முந்தின இரவே ஊறப்போடுவார்கள்.